அழித்த பின்னும் அழியாதவை

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் உள்ள சிறிய ஓட்டு வீட்டில்தான் கணித மேதை ராமானுஜன் வளர்ந்தார். காகிதம் வாங்கப் போதிய காசில்லாத நாள்களில் அவர் சிலேட்டில் கணக்கிட்டு, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, மற்றதை முழங்கையால் துடைத்துவிடுவார். அந்த முடிவுகள் பலவற்றுக்கு நிரூபணம் காண அறிஞர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. சிலேட்டில் துடைத்தது போனதுதான்.

கணினியில் அழிப்பதும் அப்படித்தான் என்று நானும் நினைத்திருந்தேன். அண்மையில் அந்த எண்ணம் மாறிற்று.

மறைந்த என் தந்தையார் குடும்ப நிலத்தின் குத்தகைக் கணக்கையும், சிட்டா, அடங்கல், பயிர்க் காப்பீட்டு ரசீது ஆகியவற்றின் நகல்களையும் ஒரு பழைய கணினியில் சேர்த்து வைத்திருந்தார். பாகப்பிரிவினைப் பேச்சு தொடங்கிய வேளையில், கணினி மெதுவாக இயங்குகிறதே என்று என் தம்பி சில ஃபோல்டர்களை நீக்கினான். மறுசுழற்சித் தொட்டியையும் காலி செய்துவிட்டான். அவன் வேண்டுமென்றே செய்ததாக ஒரு தங்கைக்கு ஐயம். குடும்பத்தில் பேச்சுவார்த்தை நிற்கும் அளவுக்குப் போனது.

மகாமகக் குளத்துக்கு அருகில் கணினி பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரிடம் அதைக் கொண்டு சென்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "நீக்கின பிறகு இதை யாராவது உபயோகப்படுத்தினீங்களா சார்?" என்பது. கேள்வியின் பொருள் பிறகுதான் விளங்கியது. நாம் ஒரு கோப்பை நீக்கும்போது கணினி அதன் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. நூலகத்தில் புத்தகத்தை அலமாரியிலேயே விட்டுவிட்டு, பட்டியலில் அதன் பெயரை மட்டும் அடித்துவிடுவது போன்ற செயல் அது. 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவே. புதிய கோப்பு ஒன்று அந்த இடத்தில் எழுதப்படும் வரை பழையது அங்கேயே கிடக்கும். ஆகவே, கோப்பு தொலைந்தால் உடனே கணினியின் பயன்பாட்டை நிறுத்த வேண்டும். மீட்பு மென்பொருளை அதே வன்தட்டில் நிறுவக் கூடாது. மீட்டதையும் வேறொரு தட்டில்தான் சேமிக்க வேண்டும். எங்கள் அதிர்ஷ்டம், அது சுழலும் தட்டு கொண்ட பழைய ஹார்ட் டிஸ்க். இப்போது பரவலாகிவிட்ட எஸ்.எஸ்.டி. வகையில், நீக்கிய இடங்களை 'டிரிம்' என்னும் கட்டளை தானாகவே துப்புரவு செய்துவிடுவதால், மீட்பது பெரும்பாலும் இயலாது.

தந்தையாரின் கணக்குகள் ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்தன. கூடவே வேறு சிலவும் வந்தன. கணினி, தந்தையார் பழையதாக வாங்கியது. அதன் முந்தைய உரிமையாளர் குடும்பத்தின் ஆதார் அட்டைகள், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், ஒரு பெண்மணியின் மருத்துவ அறிக்கை, திருமணப் படங்கள் ஆகியவை திரையில் வரிசையாக விரிந்தன. அந்த இளைஞர் சட்டென்று சாளரத்தை மூடினார். எல்லாக் கடைகளிலும் அப்படி மூடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் ஏது?

இது கும்பகோணத்துக்கு மட்டும் உரிய சிக்கலன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்களான சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் இருவரும் 158 பழைய வன்தட்டுகளை வாங்கி ஆராய்ந்து, 2003-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் புகழ்பெற்றது. இயங்கிய 129 தட்டுகளில் முறையாகத் துப்புரவு செய்யப்பட்டிருந்தவை 12 மட்டுமே. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்கள் அவற்றில் கிடைத்தன. பழைய பாத்திரத்தைக்கூடக் கழுவித்தான் போடுகிறோம். பழைய கணினியை அப்படியே எடைக்குப் போட்டுவிடுகிறோம்.

ஆனால், எஞ்சி நிற்கும் இந்தத் தடயங்கள் எப்போதும் தீங்கு என்று கருதவும் முடியவில்லை. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடியினரிடையே பணியாற்றிய பாதிரியார் ஸ்டேன் சுவாமியின் வழக்கு நினைவுக்கு வருகிறது. 2019 ஜூன் 12-இல் ராஞ்சியில் அவர் வசிப்பிடத்திலிருந்து கணினி கைப்பற்றப்பட்டது. பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபரில் கைதான அவர், 2021 ஜூலை 5-இல், 84 வயதில், காவலில் இருந்தபடியே மும்பை மருத்துவமனையில் காலமானார். அவரது வன்தட்டின் நகலை, எதிர்த்தரப்பின் சார்பில் 'ஆர்சனல் கன்சல்டிங்' என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் ஆராய்ந்தது. அதன் அறிக்கை 2022 டிசம்பரில் வெளியானது. 2014 முதல் அக்கணினிக்குள் வெளியாள் ஒருவர் ஊடுருவியிருந்ததாகவும், நாற்பதுக்கும் மேற்பட்ட ஆவணங்களை மறைவாக வைத்ததாகவும், கைப்பற்றப்படுவதற்கு முந்தைய நாளான ஜூன் 11-இல் தம் சுவடுகளை அழிக்க முயன்றதாகவும் அது கூறியது. தேசியப் புலனாய்வு முகமை இத்தகைய தனியார் அறிக்கைகளை ஏற்கவில்லை. எது உண்மை என்பதை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம். என் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. அழிக்க முயன்றவரின் சுவடும் வட்டில் எஞ்சியிருந்தது. அதைத் தேட எதிர்த்தரப்பின் கையில் ஒரு நகல் இருந்தது. அந்த நகல் இல்லையேல் இந்த விவாதமே எழுந்திராது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் அளிக்கும்போது 'ஹாஷ்' மதிப்புடன் கூடிய சான்றிதழைக் கோருகிறது. வன்தட்டின் கைரேகை என்று இதைச் சொல்லலாம். ஓர் எழுத்து மாறினாலும் மதிப்பு மாறிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், கணினி கைப்பற்றப்படும் நாளுக்கும் நீதிமன்றத்தை எட்டும் நாளுக்கும் இடையே மாதங்கள் கழிகின்றன. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சோதனையைக் காணொலியாகப் பதியச் சொல்கிறது. வீட்டு வாசலிலேயே ஹாஷ் கணக்கிட்டு உரிமையாளரிடம் எழுதித் தரச் சொல்லவில்லை. மின்னணுக் கருவிகளைக் கைப்பற்றுவதற்கு வழிகாட்டு நெறிமுறைகள் தேவை என்று 2023 நவம்பரில் உச்சநீதிமன்றமே சுட்டிக்காட்டியது. பஞ்சநாமாவில் கணினியின் நிறத்தையும் தயாரிப்பு எண்ணையும் எழுதுகிறவர்கள், இந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதக் கூடாதா?

தங்கையின் ஐயத்தைத் தீர்த்ததும் அதே தடயம்தான். நீக்கப்பட்ட கோப்புகள் எவையும் கடைசி ஓராண்டில் திருத்தப்படவில்லை என்பதை அவற்றின் தேதிகளை வைத்து அந்த இளைஞர் காட்டினார். தேதிகளையும் மாற்ற முடியும் என்று அவரே ஒப்புக்கொண்டார்; தங்கை அதற்கு மேல் கேட்கவில்லை.

கணக்குகளை வேறொரு தட்டுக்கு மாற்றிய பிறகு, பழைய வன்தட்டை என்ன செய்வது என்று கேட்டார். அந்த முன்பின் அறியாத குடும்பத்தின் படங்கள் இன்னும் அதில் இருந்தன. முழுவதும் பூஜ்யங்களால் மேலெழுதச் சொன்னேன். "விடிய விடிய ஓடும் சார், காலையில வந்து வாங்கிக்குங்க" என்றார்.