சுருதி பிறழ்வது யார் குற்றம்?

பாடற்குழுவில் பாஸ் கித்தார் வாசிக்கும் பிள்ளைகளின் பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. வெறுந்தந்திகள் நான்கும் சுருதி சேர்ந்திருக்க, விரல்கள் மேல் மெட்டுகளுக்கு ஏறும்போது மட்டும் நாதம் பிறழுமாயின், பிள்ளையின் செவியைக் குறை கூறுமுன் கருவியை ஆராய்ந்து பாருங்கள்.

காரணம் எளியது. தந்தியை மெட்டின்மேல் அழுத்துகையில் அது சிறிது இழுபடுகிறது. இழுபட்டால் சுருதி உயரும். தந்தி எவ்வளவு உயர்ந்து நிற்கிறதோ, அவ்வளவுக்கு இழுப்பும் மிகும். அதனை ஈடுசெய்யத் தந்தியின் நீளத்தைச் சற்றே கூட்ட வேண்டும். தடித்த தந்திக்கு இது அதிகம், மெல்லியதற்குக் குறைவு. அமெரிக்கரான லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட 'பிரிசிஷன் பாஸ்' கருவியில் நான்கு தந்திகளுக்கும் இரண்டே தாங்கிகள் இருந்தன. 1957இல்தான் ஒவ்வொன்றுக்கும் தனித்தாங்கி அமைந்தது.

செய்முறையில் வரிசை முக்கியம். பழந்தந்திகளை மாற்றிச் சுருதி கூட்டுங்கள். தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடித்தால், 8ஆம் மெட்டில் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். கழுத்து மிகுதியாக வளைந்திருப்பின், அதனுள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருத்துவதைப் பழகியவரிடம் விடுவதே நலம்.

அடுத்து உயரம். 17ஆம் மெட்டில் தடித்த தந்தி சுமார் 2.4 மில்லிமீட்டர், மெல்லியது சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கலாம். மிகத் தாழ்ந்தால் தந்தி மெட்டில் உரசி இரையும். தாங்கியிலுள்ள சிறு திருகுகளால் இதைச் சரிசெய்து, மீண்டும் சுருதி கூட்டுங்கள்.

இறுதியில் நீளம். 12ஆம் மெட்டுக்கு நேர்மேலே தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு மீட்டுங்கள். பின் அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக ஒலிக்கவேண்டும். அழுத்திய ஒலி உயர்ந்திருந்தால் தாங்கியைப் பின்னுக்கு நகர்த்துங்கள்; தாழ்ந்திருந்தால் முன்னுக்கு. நகர்த்துமுன் தந்தியைத் தளர்த்துங்கள். நகர்த்தியபின் சுருதி கூட்டி மறுபடி சோதியுங்கள். உயரத்தைப் பின்னர் மாற்றினால் இவ்வேலை வீணாகும். ஆகவேதான் உயரம் முதலில்.

முடிவில் தாங்கிகள் நான்கும் ஒரே நேர்க்கோட்டில் நில்லாமல், தடித்த தந்தியினது பின்தள்ளியிருக்கும். அது குறையன்று, அழகு கருதி அவற்றை நேராக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு தந்திக்கும் அதற்குரிய இடம் வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் சுருதி பிறழுமாயின், அப்பொழுது பிள்ளையின் பயிற்சியைப் பற்றிப் பேசலாம்.