மேஸ்திரிக்கு ஒரு துணைக் கண்

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் சிறுகச் சேர்த்த பணத்தில் வீடு கட்டுகிறீர்களா, அம்மணி? ஒரகடத்து ஆலைகளில் யந்திரக் கைகள் இருக்கலாம். உங்கள் மனையில் மேஸ்திரியும் நாலு சித்தாட்களுந்தானே! செயற்கை நுண்ணறிவுக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா?

கையிலுள்ள செல்போன் போதும். கான்கிரீட் போடுமுன், கட்டிய கம்பிகளைப் படமெடுத்து, வரைபடத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பிறகு மூடிவிட்டால் யார் பார்ப்பது?

ஆனால், அதுவும் தவறலாம். மண்ணின் பலமோ, தூணின் பலமோ படத்தில் தெரியாது. 2014 ஜூன் 28-ல் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் போயினவே, மறக்கலாமா?

ஆகையால், இஞ்சினீயருக்குக் கொடுப்பதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். செல்போன் கேள்வி கேட்கட்டும். பதிலை அவர் சொல்லட்டும். சுவருக்குத் தண்ணீர் ஊற்றத்தான் நீங்கள் இருக்கிறீர்களே!