ஆட்டத்திலும் பரீட்சை உண்டு

மேனாட்டுப் பால்ரூம் நடனம் என்றதுமே நம்மவரிற் பலர் முகம் சுளிப்பதுண்டு. ஆணும் பெண்ணும் கைகோத்துச் சுற்றும் கேளிக்கையில் கற்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. பள்ளிக்கூடத்திலேயே காலம் கழிக்கும் நமக்கோ, அந்த நடனத்தின் பரீட்சை முறை மிகுந்த சுவாரஸ்யம் அளிக்கிறது.

சர்வதேசப் போட்டி நடனங்கள் இரு வகைப்படும். 'ஸ்டாண்டர்ட்' வகையில் வால்ஸ், டாங்கோ, வியன்னா வால்ஸ், பாக்ஸ்டிராட், குவிக்ஸ்டெப் என ஐந்து உள. இவற்றில் ஜோடி பிடித்த பிடியை விடுவதில்லை. 'லத்தீன்' வகையில் சம்பா, சா-சா-சா, ரும்பா, பாஸோ டோப்ளே, ஜைவ் என்னும் ஐந்து. இவற்றில் பிரிந்தும் ஆடலாம், சேர்ந்தும் ஆடலாம்.

கற்பவர்க்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிகள் உண்டு. வெண்கலப் படியில் பாடத்திட்டம் அனுமதிக்கும் அடிகளை மட்டுமே ஆடலாம். மேற்படியின் வித்தை கைவந்திருந்தாலும் அங்கே காட்டக் கூடாது! காரணம் எளிது. ஆடம்பரமான சுழற்சி, தடுமாறும் காலை மறைத்துவிடும். எளிய அடியில் ஒளிந்துகொள்ள இடமில்லை. சரளி வரிசை பாடிய வீட்டார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் கடற்கரை ஊராகிய பிளாக்பூலில் 1920-ல் தொடங்கிய நடன விழா இவ்வுலகில் பெரும் புகழ் வாய்ந்தது. இத்தகைய போட்டிகளின் இறுதிச் சுற்றில் நடுவர்கள் மார்க்குப் போடுவதில்லை. ஒவ்வொரு நடனத்திலும் ஜோடிகளை முதல், இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துகிறார்கள். ஐந்து நடுவரில் மூவர் ஒரு ஜோடிக்கு முதலிடம் தந்தால் அந்த நடனத்தில் முதலிடம் அதற்கே. மற்ற இருவர் கடைசியில் தள்ளியிருந்தாலும் பாதகமில்லை. ஒருவருடைய வெறுப்பு எவரையும் வீழ்த்த முடியாது.

நாம் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. அங்கே பதக்கப் பரீட்சை வேறு, போட்டி வேறு. பரீட்சையில் ஒருவன் குறித்த தரத்தை எட்டினானா என்பதே கேள்வி. அவன் தேறுவதால் அடுத்தவனுக்கு நஷ்டமில்லை. போட்டியிலோ ஒருவன் முந்தினால் மற்றொருவன் பிந்தியே தீர வேண்டும்.

நம் வீடுகளில் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறோம். குழந்தை கணக்கில் தேறி வந்தால், "வகுப்பில் எத்தனையாவது?" என்றே முதலில் கேட்கிறோம். கணக்குத் தெரிந்ததா என்று கேட்பவர் எத்தனை பேர்? அந்நிய நாட்டு நடனத்தை நாம் ஆட வேண்டாம். அதன் ஆசிரியர்கள் பிரித்துவைத்ததை நாமும் பிரித்துப் பார்த்தால் போதும்.