சுட்ட வீடியோவும் சொந்தப் பேரும்

மக்களே, 2018 ஆகஸ்ட் ஞாபகமிருக்கா? கொள்ளிடத்துல வெள்ளம். 1928-ல கட்டின பழைய பாலத்தோட தூண்கள் சாய்ஞ்சுது. முக்கொம்புல 9 மதகை ஆறு அடிச்சிட்டுப் போச்சு. கரையில நின்னு எவரோ எடுத்த வீடியோவை இறக்கி, மூலையில இருந்த பேரை வெட்டிட்டு, தன் பேரை ஒட்டி ஒரு 'குறும்படம்' பண்ணியிருக்கான் என் ஸ்ரீரங்கத்து நண்பன். கேட்டா, "நெட்ல சும்மாதானேடா கிடக்கு"ங்கறான்!

சும்மாவா? 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவு பண்ணாட்டியும் உரிமை உண்டு. "நன்றி: யூடியூப்"னு போட்டா சரியாயிடுமா? யூடியூபா வெள்ளத்துல நனைஞ்சுது? எடுத்தவர்கிட்ட ஒரு வார்த்தை கேளு. இல்லே, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல இருக்கறதைப் பேரோட போடு.

நம்ம பதிவை எவனாவது சுட்டா மட்டும் குதிக்கிறோமே, அப்ப இது மட்டும் என்னவாம்?