ஓடமேறிச் சென்ற விருந்து

விருந்து இலையிலே தொடங்குகின்றதா, வழியிலே தொடங்குகின்றதா என்று வினவினால், நம்முட் பலர் இலையிலேதான் என்று விடையிறுப்பர். பசித்து வந்தவனுக்கு அவ்விடை முற்றும் பொருந்தும். ஆயின், ஜப்பான் தேசத்து எடோ நகரத்தார் வேறுவகையாக எண்ணினர். ஆற்றுத் துறையில் ஓடக்காரன் கரையை விட்டு ஓடத்தைத் தள்ளிய அக்கணத்திலேயே அவர்களது விருந்து தொடங்கிவிட்டது. அவ்வழக்கம் இன்று பெரும்பாலும் மறைந்தொழிந்தது. அதன் பொருட்டு வருந்துதல் தகுமோ என்பதைப் பற்றி நமது கருத்தைச் சிறிது வெளியிட விழைகின்றோம்.

எடோ என்பது இக்காலத்து டோக்கியோவே. அந்நகரின் ஊடே சுமிதா என்னும் பேராறு ஓடிக் கடலிற் கலக்கின்றது. கண்டா என்னும் சிற்றாறு அதனோடு கூடுமிடத்தில் 1698-ஆம் ஆண்டில் ஒரு பாலம் கட்டினர். யானகிபாஷி, அஃதாவது 'வில்லோ மரப் பாலம்' என்பது அதன் பெயர். அதுவே அப்பகுதிக்கும் பெயராயிற்று. சாலைகள் செவ்வையாய் இல்லாத அக்காலத்தில், நகரத்தார்க்கு ஆறே அரச பாட்டையாக இருந்தது. ஆதலின் யானகிபாஷியில் ஓடங்களை வாடகைக்கு விடும் வீடுகள் பல தோன்றின. தனித்துச் செல்வோர் பன்றிக் கொம்பு போல் முனை கூர்ந்த சிறிய விரைவோடத்திலும், கூட்டமாய்ச் செல்வோர் கூரை வேய்ந்த பெரிய ஓடத்திலும் ஏறினர். ஓடத்துக்குக் காத்திருப்பவனுக்குக் குடிக்கவும் உண்ணவும் ஏதேனும் வேண்டுமன்றோ? உண்பவனுக்குப் பாட்டும் வேண்டியதாயிற்று. இவ்வாறு ஓட வீட்டைச் சார்ந்து உயர்ந்த உணவு வீடுகளும், அவற்றைச் சார்ந்து கெய்ஷா என்னும் ஆடல் பாடல் மகளிரின் குடியிருப்பும் வளர்ந்தன.

அவ்வீடுகள் தெருவுக்கு முதுகையும் ஆற்றுக்கு முகத்தையும் காட்டி நின்றன என்று சொன்னால் மிகையாகாது. நீர்ப்படியில் இறங்கும் விருந்தினனை வீட்டுத் தலைவி மண்டியிட்டு வரவேற்பாள். கோரைப்பாய் விரித்த அறையில் ஒவ்வொரு சிறு கலமாக உணவு வரும். அரக்குப் பூசிய கிண்ணத்தின் மூடியைத் திறந்தால், கடற்பாசியும் உலர்ந்த சூரை மீனும் ஊறித் தெளிந்த சாற்றின் மணம் எழும். பின்னர் பச்சை மீன் துண்டங்கள், சுட்ட மீன், வேகவைத்த காய்கள். இறுதியிலே சோறும் ஊறுகாயும். நம் நாட்டில் முதலிற் படைக்கும் சோறு அங்கே முடிவில் வருவது நம்மவர்க்கு வியப்பாகத் தோன்றலாம்! இடையிடையே மூன்று நரம்புடைய ஷாமிசென் யாழின் ஒலியும், சிறு பாடல்களும், நாட்டியமும். பலகணிக்கு வெளியே நீர் அசைந்து கொண்டேயிருக்கும். கோடையில் வாணவேடிக்கை நிகழும் இரவில், ஆறு முழுதும் ஓடங்களால் மறைந்து போகும்.

ஓடத்தில் வருவது வெறும் ஆடம்பரமே என்பார்க்கு நாம் உடன்படோம். தேநீர்ச் சடங்குக்குச் செல்வோன் முதலில் ஈரக் கற்கள் பதித்த சிறு தோட்ட வழியே நடந்து, கை வாய் கழுவி, குனிந்தே அறைக்குள் புக வேண்டுமென்பது ஜப்பானியர் ஏற்படுத்திய முறை. கடைத்தெருவின் கணக்கை வெளியே விட்டுச் செல்லுதற்கே அவ்வழி அமைந்தது. ஓடமும் அத்தகையதே. நீரின் மேல் ஒருவன் விரைந்து நடக்கவியலாது. வேறு வேலையைப் பார்க்கவும் இயலாது. அமர்ந்திருக்கத்தான் வேண்டும். அவ்வமைதியோடு வந்தவனுக்கே அத்தெளிந்த சாற்றின் நுண்சுவை புலனாகும். தமிழில் 'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள் என்பதை இங்கே நினைந்து கொள்ளுகின்றோம். வருகின்றவன் புதியவனாய் வருவதற்கு ஓடம் துணை செய்தது.

நிற்க. இவ்வழகின் அடியில் இருந்த இருளை மறைப்பது நேர்மையாகாது. ஆற்றின் மேற்புறம் சென்ற ஓடங்களிற் பல, 1657-ஆம் ஆண்டில் நகரின் வடபுறத்துக்கு மாற்றப்பட்ட யோஷிவாரா என்னும் பரத்தையர் சேரியை நாடியே சென்றன. வறிய பெற்றோர் முன்பணம் பெற்று ஒப்படைத்த சிறுமியர் பலர் அங்கே கடனிற் பிணிப்புண்டு கிடந்தனர். கெய்ஷா மகளிர் கலை வல்லோரேயெனினும், அவருள்ளும் அத்தகைய கடனிற் சிக்குண்டோர் பலர். நருஷிமா ரியூஹோகு என்னும் புலவர் 1859-ஆம் ஆண்டில் யானகிபாஷியைப் பற்றி எழுதத் தொடங்கிய நூலிலே, நயத்தோடு எள்ளலும் கலந்தே இருக்கின்றது. அப்பிணிப்பு அற்றுப் போனதற்காக எவரும் ஒரு துளிக் கண்ணீரும் சிந்த வேண்டுவதில்லை.

ஆயினும் யானகிபாஷி அழிந்தது அறத்தினால் அன்று. அழுக்கினாலும் சுவரினாலும் அழிந்தது. 1945-க்குப் பின் ஆலைகள் பெருகின. அவற்றின் கழிவும் வீடுகளின் கழிவும் சுமிதாவில் விழுந்தன. நாற்றம் தாங்காமல் ஆற்றுப் பலகணிகளை அடைத்தனர். 1961-க்குப் பின் வாணவேடிக்கையும் நின்றது. ஆலைகள் நிலத்தடி நீரை இறைத்து இறைத்துக் கீழைப் பகுதிகளின் தரையையே தாழ்த்திவிட்டன. 1959-ஆம் ஆண்டில் இசே விரிகுடாவைத் தாக்கிய புயல் ஐயாயிரம் பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அதைக் கண்டு அஞ்சிய டோக்கியோ, ஆற்றின் இருமருங்கும் செங்குத்தான கான்கிரீட்டுச் சுவர் எழுப்பிற்று. ஆற்றைப் பார்த்து நின்ற வீடுகள் சுவரைப் பார்த்து நின்றன. விருந்தினர் மோட்டார் வண்டியில் பின்வாயில் வழியாக வந்தனர். யானகிபாஷியின் கெய்ஷா சங்கம் 1999-ஆம் ஆண்டில் கலைந்தது.

சுவரைப் பழிப்பது நமது நோக்கமன்று. வெள்ளத்தில் மாளும் உயிர்க்கு முன்னே பாட்டும் பலகணியும் எம்மாத்திரம்? நாம் பழிப்பது சுவருக்கு முன் நிகழ்ந்ததையே. ஆற்றைச் சாக்கடையாக்கியதும் நிலத்தைத் தாழச் செய்ததும் புயலின் செயல்களல்லவே! ஆறு தூயதாய் இருந்திருப்பின், சுவர் கட்டிய பொறியியல் வல்லுநரிடம், படியிறங்க ஒரு வாயிலாவது வைக்க வேண்டுமென்று கேட்க நகரத்தார்க்கு மனம் வந்திருக்கும். நாறும் ஆற்றை மறைத்த சுவருக்கு யாரே மறுப்புரைப்பர்? கலையைக் காக்க முற்படுவோர் பாடகர்க்கும் ஆடுவோர்க்கும் பொருளுதவி செய்வதோடு அமைகின்றனர். அக்கலைக்கு இடமாயிருந்த நீரையும் கரையையும் எண்ணுவோர் சிலரே. இக்குறை ஜப்பானியர்க்கு மட்டும் உரியதன்று.

பின்னர் ஆற்றைத் துப்புரவாக்கினர். 1978-இல் வாணவேடிக்கையும் மீண்டது. கியோட்டோவை அடுத்த அராஷியாமாவில் 2009-ஆம் ஆண்டில் திறந்த ஒரு விடுதி, விருந்தினரை ஓடத்திலேற்றி மலையிடுக்கு வழியே ஆற்றில் அழைத்துச் செல்கின்றது. அது செல்வர்க்கே எட்டுவது. பழைய யானகிபாஷியில் ஓடம் ஊராரின் ஊர்தியாகவும் இருந்தது. எனினும் அதைப் போலியென்று தள்ள நமக்கு மனமில்லை.

யானகிபாஷியில் இன்று நிற்பது 1929-ஆம் ஆண்டில் கட்டிய இரும்புப் பாலம். அதனடியில் கூரையோடங்கள் இன்னும் கட்டிக் கிடக்கின்றன. மாலையில் உண்போரை ஏற்றிக்கொண்டு ஆற்றிலே செல்கின்றன. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கெய்ஷா மகளிரின் கொண்டை ஊசி வடிவங்களைப் பதித்திருக்கின்றனர். அவ்வூசி அணிந்த மகளிர் அவ்வழியே இப்பொழுது நடப்பதில்லை.