கருடன் வட்டமிட்டால் போதுமா?

கும்பாபிஷேக நன்னாளில், யாகசாலையிலிருந்து புறப்பட்ட திருக்குடங்கள் விமானத்தை அடைந்ததும், கூடியிருக்கும் அன்பர்களின் கண்கள் கலசத்தை மட்டும் நோக்குவதில்லை, வானத்தையும் தேடுகின்றன. கருடன் வந்து வட்டமிட்டால் பக்தர்களின் முழக்கம் விண்ணை எட்டுகிறது. வாராதொழிந்தாலோ, பலர் முகத்தில் வாட்டம் படர்கிறது. மந்திரங்கள் முறையாக ஓதப்பெற்றன. புனித நீர் கலசத்தில் சொரியப்பெற்றது. ஆயினும், ஒரு பறவை வாராமையால் ஏதோ குறை நேர்ந்துவிட்டதென உள்ளம் கலங்குகிறது. இந்தக் கலக்கம் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கதாகும்.

கருடன் எனப் போற்றப்பெறும் செம்பருந்து, மலேசிய, சிங்கப்பூர்க் கடலோரங்களில் இயல்பாக வாழும் பறவை. வெயில் ஏறும் வேளையில் மேலெழும் வெப்பக் காற்றில் வட்டமிடுவது அதன் இயற்கை. ஆதலின் அது வருவது தற்செயலே என்பர் பகுத்தறிவாளர். பறவை எங்கும் உண்டு. குறித்த நாழிகையில், குறித்த கோபுரத்தின் மேல் அது வந்ததே அருள் என்பர் அன்பர். இவ்வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று.

ஸ்காட்லாந்து நாட்டுத் தத்துவ ஞானி டேவிட் ஹியூம், 1748ஆம் ஆண்டில் வெளிவந்த நூலொன்றில் அற்புதங்களைப் பற்றி ஒரு பகுதியே எழுதினார். இயற்கை விதி என்பது மாந்தர் அனைவரின் மாறாத அனுபவத்தால் நிலைபெற்றது. அற்புதம் என்பதோ அவ்விதியை மீறிய நிகழ்ச்சி. சாட்சி சொல்பவர் ஏமாந்திருக்கக்கூடும், அல்லது ஏமாற்றக்கூடும். அச்சாட்சி பொய்யாதல் அற்புதத்தைக் காட்டிலும் அரியதாக இருந்தாலன்றி அதனை ஏற்கலாகாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதற்கு மறுப்பும் எழுந்தது. 1947இல் அற்புதங்களைப் பற்றியே தனி நூல் வெளியிட்ட சி. எஸ். லூயிஸ், மாந்தரின் அனுபவம் மாறாதது என்று கூற வேண்டுமாயின், அற்புதம் கண்டதாகக் கூறியோர் அனைவரும் பொய்யுரைத்தனர் என்று முன்னதாகவே முடிவு செய்திருத்தல் வேண்டும்; நிறுவ வேண்டியதையே ஆதாரமாக வைத்து வாதிடுவது முறையாகாது என்று சுட்டினார்.

சைவ சித்தாந்தம் இவ்வழக்கை வேறொரு கோணத்தில் நோக்க வைக்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் ஆகிய ஐந்தொழிலும் இறைவனுடையவை எனின், இயற்கை அவனுக்குப் புறம்பானதன்று. தன் ஆணையால் இயங்கும் உலகில் அவன் மீறுவதற்கு வேறொருவர் இட்ட விதி ஏது? மருத்துவர் அளித்த மருந்தால் மகன் நோய் நீங்கியபின், வேண்டுதலை நிறைவேற்றக் காவடிக்குத் துணைநின்று மலையேறும் தாய் அறியாமை உடையவள் அல்லள். மருந்தும் அருளும் அவளுக்குப் பகையல்ல. அவளை எள்ளி நகையாடுவது பகுத்தறிவும் ஆகாது.

எனினும், அதே சித்தாந்தம் மற்றொரு கடமையையும் விதிக்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், பொருளின் இயல்பை ஆராய்வதற்கு முன்னர், காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளை ஆராய்கிறது. கண்ணால் கண்டதிலும் ஐயமும் திரிபும் கலந்திருக்கக்கூடும் என்று எச்சரிக்கிறது. ஆராய்ச்சி நாத்திகருக்கு மட்டுமே உரியதன்று; அது சைவத்தின் பழஞ்சொத்து.

1995ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் இதற்கு நல்ல சோதனையாக அமைந்தது. புது டில்லிக் கோயிலொன்றில் விநாயகர் பால் அருந்துகிறார் என்று அதிகாலையில் எழுந்த செய்தி, அன்றைய பொழுதுக்குள் லண்டன் சவுத்தால் வரை பரவியது. கரண்டியில் பாலேந்தி மக்கள் நீண்ட வரிசைகளில் நின்றனர். இந்திய அரசின் அறிவியல் துறையினர் பாலில் வண்ணம் கலந்து சோதித்தனர். பரப்பு இழுவிசையால் கரண்டியிலிருந்து இழுக்கப்பெற்ற பால், மெல்லிய படலமாகச் சிலையின் மீது வழிந்தது புலனாயிற்று.

இவ்விளக்கத்தால் விநாயகப் பெருமானின் பெருமை எள்ளளவும் குறைந்ததில்லை. நீரின் பரப்பில் இழுவிசையை வைத்தவன் எவனோ, அவனையே அன்பர் வழிபடுகின்றனர். ஆராய்ச்சிக்கு அஞ்சும் பக்திதான் வலிமை குன்றிய பக்தி. அவ்வச்சத்தைப் பயன்படுத்தியே போலிகள் பிழைக்கின்றனர். அற்புத வைத்தியம் எனக் கேட்டு மருந்தை நிறுத்தும் நோயாளியும், அற்புதம் காட்டியவர் காலடியில் சேமிப்பைக் கொட்டும் குடும்பமும் இழப்பது பொருளை மட்டுமன்று. இறுதியில் இறைநம்பிக்கையையும் இழக்கின்றனர்.

அவ்வாறாயின், அற்புதத்தை அளக்கும் கோல் யாது? பெரிய புராணம் கூறும் திருவீழிமிழலை வரலாறு வழிகாட்டுகிறது. பஞ்சத்தால் ஊர் வாடிய காலத்தில், அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு அளித்தான். அக்காசு அடியவர் பசி தீர்க்கவே செலவாயிற்று. அவற்றுள்ளும் அப்பர் பெற்ற காசு வட்டமின்றி மாறியது. சம்பந்தர் பெற்றதற்கோ வணிகர் வட்டம் கேட்டனர். உழவாரம் ஏந்திய அப்பரின் கைத்தொண்டே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் எனச் சேக்கிழார் உணர்த்துகிறார். பின்னர், சம்பந்தர் பதிகம் பாடி நல்ல காசு பெற்றார்.

காசு வந்த வியப்போடு வரலாறு முடியவில்லை. பசித்தவர் இலையில் சோறாகவே அது முடிகிறது. அற்புதம் நிகழ்ந்ததா என்பதை அளவைகள் ஆராயட்டும். நிகழ்ந்ததால் யாருடைய பசி தீர்ந்தது, யாருடைய அகந்தை அடங்கியது என்பதே பக்தன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

கருடன் வந்தால் கைகூப்பி மகிழலாம், அதில் தவறில்லை. வாராவிடினும் குடமுழுக்கு நிறைவானதே. வானத்தை நோக்கிய கண்கள் கீழே இறங்கும்போது, அன்னதானக் கூடத்தில் பரிமாற ஆளின்றிக் காத்திருக்கும் பந்தியும், கழுவப்படாத பாத்திரங்களும் தென்படும். கருடன் வந்த நாளிலும் வாராத நாளிலும் அங்கே தொண்டு காத்திருக்கிறது.