பனியின் மேல் பழி போடாதீர்கள்

விடியற்காலை மூன்று மணிக்கு எங்கள் லயத்தின் கோடியில் டோர்ச் வெளிச்சம் தெரிந்தால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஐம்பதைத் தாண்டிய யாரோ ஒருவர் ஒன்றுக்குப் போக எழும்பியிருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். காலையில் கேட்டால் ஒரே பதில்தான்: "பனிக்குத்தான்."

பக்கத்துக் காம்பராவில் இருக்கும் கவ்வாத்துக்கார அண்ணனும் இரண்டு வருடம் அப்படித்தான் சொன்னார். ராத்திரிக்கு மூன்று தரம், நான்கு தரம் எழும்புவார். மலையில் வேலை செய்யும்போது அடிக்கடி ஒதுங்க வெட்கப்பட்டு, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். ஒரு நாள் இரவு சிறுநீர் முற்றாக நின்றுவிட்டது. அடிவயிறு கல்லைப் போல வீங்க, வலியில் துடித்தவரை லொறியில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். வைத்தியசாலையில் குழாய் போட்டுத்தான் சிறுநீரை எடுத்தார்கள். "முன்பே வந்திருந்தால் மாத்திரையோடு சரிப்படுத்தப் பார்த்திருக்கலாம்" என்றார் வைத்தியர்.

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே புரொஸ்டேட் என்றொரு சுரப்பி உண்டு. சிறுநீர்க் குழாய் அதன் நடுவால்தான் வருகிறது. வயது ஏறும்போது சுரப்பி பெருத்துக் குழாயை நெரிக்கிறது. அறுபது வயதில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இந்த வீக்கம் இருக்கும். பெரும்பாலும் இது புற்றுநோய் அல்ல. ஆனாலும் கவனிக்காமல் விட்டால் சிறுநீர் தேங்கிக் கிருமி பிடிக்கும், கல் உண்டாகும், கடைசியில் சிறுநீரகமே கெட்டுப்போகலாம். சிலருக்குப் புற்றுநோயாகவும் இருக்கலாம். எது என்று சொல்லச் சோதனையால் மட்டுமே முடியும். ராத்திரி அடிக்கடி எழும்புவது சீனி வியாதியின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

சத்தமில்லாமல் வரும் நோய் என்ன செய்யும் என்பதற்கு நமது பதுளை மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. கிராந்துருகோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பங்களைச் சிறுநீரக நோய் வாட்டுவதை அறிவீர்கள். அது வரண்ட பிரதேசம். நமது தேயிலை மலைகளின் நிலைமை வேறு. ஆனால் பாடம் ஒன்றுதான். அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை ஆகிய மூன்று மாவட்டங்களில் உலக சுகாதார நிறுவனமும் சுகாதார அமைச்சும் நடத்திய ஆய்வு 2013 இல் வெளிவந்தது. நோய் கண்டவர்கள் பெண்களில் 16.9 வீதம், ஆண்களில் 12.9 வீதம். ஆனால் நோயாளிகளில் நான்காம் கட்டம் வரை முற்றிப்போனவர்கள் ஆண்களில் 22 வீதம், பெண்களில் 7.3 வீதம் மட்டுமே. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். எதுவானாலும், தொடக்கத்தில் வலி காட்டாத நோயைச் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்தால்தான் பிடிக்க முடியும்.

நமது பெண்களுக்குக் கர்ப்பக் கிளினிக் உண்டு. 1996 முதல் 35 வயதைக் கடந்தவர்களுக்குச் சுவநாரி கிளினிக்கும் உண்டு. மருத்துவிச்சி லயத்துக்கே வந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஆண்களை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடாவிட்டால் நாமும் போவதில்லை. 35 வயதைக் கடந்த ஆண், பெண் எல்லோருக்குமாக 2011 இல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களிலும் ஆண்களின் வரவு குறைவுதான். பிரஷர், சீனி எல்லாம் அங்கே காசில்லாமல் பார்க்கிறார்கள்.

வெட்கம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். கிளினிக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். மடுல்சீமையிலிருந்தோ நமுனுகுலையிலிருந்தோ பதுளைக்கு வந்து வரிசையில் நின்று திரும்ப ஒரு நாள் முடிந்துவிடும். அந்தரங்கமான வருத்தத்தைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாமல் பாதியில் விழுங்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. ஆகவே இதைத் தொழிற்சங்கம் தன் கோரிக்கையாக எடுக்கவேண்டும். நாற்பது வயதைக் கடந்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் வருடத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு மருத்துவச் சோதனைக்கு விடுப்பு வேண்டும். தமிழ் பேசும் உத்தியோகத்தர்களோடு நடமாடும் கிளினிக் தோட்டத்துக்கே வரவேண்டும். சம்பளத்துக்காகப் போராடும் நாம், அந்தச் சம்பளத்தை உழைக்கும் உடம்புக்காகவும் பேசவேண்டாமா?

கோரிக்கை நிறைவேறும்வரை நோய் காத்திருக்காது, தோழர்களே. சிறுநீர் வர நேரமெடுத்தால், மெலிந்து சொட்டுச்சொட்டாக வந்தால், போன பிறகும் மிச்சம் இருப்பதுபோலத் தோன்றினால் முதலில் தோட்ட டிஸ்பென்சரியிலோ பக்கத்து அரசாங்க வைத்தியசாலையிலோ சொல்லுங்கள். தேவையென்றால் அங்கிருந்து பதுளைக்கோ தியத்தலாவைக்கோ துண்டு தருவார்கள். சிறுநீரில் ஒரே ஒரு தடவை இரத்தம் கண்டாலும், வலி இல்லாவிட்டாலும், அந்தக் கிழமையே போங்கள். சிறுநீர் முற்றாக நின்றால் விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது. மொழி தடையென்றால் படித்த பிள்ளையிடம் சொல்லி ஒரு கடதாசியில் சிங்களத்தில் எழுதி எடுத்துப் போங்கள். வீட்டுப் பெண்களும் இதைச் சிரிப்புக் கதையாக்காமல் கூடப் போய்வாருங்கள்.

கவ்வாத்துக்கார அண்ணன் இப்போது மாதாமாதம் கிளினிக்குப் போகிறார். ராத்திரி டோர்ச் வெளிச்சம் குறைந்திருக்கிறது. தை மாசியோடு பனி போய்விடும். அதற்குப் பிறகும் நீங்கள் ராத்திரி எழும்பினால், பழி பனியின் மேல் இல்லை. காலை முதல் பஸ்ஸில் ஏறுங்கள்.